மூணாவது ஆள்

அண்ணனுக்கு,

முப்பது வருஷம் கழிச்சு என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுப் போட்டுடாதே. சங்க ஆபீஸை இடிக்கப் போறாங்க. அதுக்குள்ள பழைய நோட்டீஸ், போட்டோ எல்லாத்தையும் ஒரு நூலகத்துக்குக் கொடுக்கிறோம். ஒவ்வொரு போட்டோவுக்குப் பின்னாலயும் யார் யார்னு எழுதறது என் வேலை. மில்லுல நூல் நூத்தவங்கள்ல ஞாபகம் தப்பாம இருக்கிறது நான்தானாம். பெரிய பெருமைதான் போ!

வேலைநிறுத்தக் கமிட்டி படம் வந்தது. இடப்பக்கத்திலிருந்து மூணாவது ஆளுக்கு முகம் இல்லை. பிளேடால சுரண்டின வெள்ளைதான் இருக்கு.

"இவர் யாரும்மா?"ன்னு நூலகத்துப் பொண்ணு கேட்டா. "தெரியல"ன்னுட்டேன்.

நம்ம சங்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? வேலைநிறுத்தத்துக்கு நடுவுல வேலைக்குத் திரும்பினவன் முகத்தை அவன் வீட்டு ஆளே சுரண்டணும். நாற்பத்தோராம் நாள் நீ மில்லுக்குள்ள போனே. சனிக்கிழமை கூலி வாங்கின கையோட மருந்து பாட்டிலை என் வாசப்படியில வச்சுட்டுப் போனே. காய்ச்சல்ல கிடந்த என் பாப்பாவுக்கு அதை ஊத்திக் கொடுத்தேன். மறுநாள் பிளேடைக் கையில வாங்கினேன். உன் முகம் முழுசாப் போற வரைக்கும் சுரண்டினேன் அண்ணா.

பாப்பாவுக்கு இப்போ ரெண்டு பிள்ளைங்க.

நேத்து திரும்பப் போய், படத்துக்குப் பின்னால எழுதிட்டு வந்தேன்: 'மூன்றாவது, என் அண்ணன். என் குழந்தைக்கு மருந்து வாங்க வேலைக்குப் போனார். முகத்தைச் சுரண்டியது நான்.'

அந்த வயசுல எடுத்த உன் படம் ஏதாவது இருந்தா அனுப்பு. நூலகத்துக்கு இல்லை, எனக்கு. எவ்வளவு யோசிச்சாலும் அந்த வெள்ளைதான் கண்ணு முன்னால வருது.

உன் தங்கச்சி