ராசி எண் 2309

3 மார்ச் 2025
ஓய்வு பெற்ற மூன்றாம் நாளே சக்கரவர்த்தி தம் நகரும் அரண்மனையைத் தேடிப் புறப்பட்டார். சக்கரவர்த்தி நான். அரண்மனை, ஒரு பழைய கேரவன்: கட்டில், அடுப்பு, குட்டிக் குளியலறை, நான்கு சக்கரம். கல்யாணமான புதிதில் இவளைக் கடலுக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னேன். முப்பத்தொரு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

"இதுதான் கடைசி. நடுரோட்டுல வண்டி நின்னுதுன்னா அங்கேயே பஸ் ஏறித் திரும்பிடுவேன். அப்புறம் கடல்னு வாயத் திறக்கக் கூடாது" என்றாள். செய்துவிடுவாள். ஆகவே வண்டி நிற்கக் கூடாது.

6 மார்ச்
கண்டேன் அரண்மனையை! அந்த வெள்ளையைப் பார்த்தால் நிலா ஒரு வாரம் விடுப்பு எடுக்கும். வயது எட்டாம். மீட்டரில் முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான். "டயர்கூட மாத்தல சார், வண்டியோட பொறந்தது" என்றார் தரகர். வண்டிகளைப் பற்றி எனக்குத் தெரியாதது உலகில் ஒன்றிரண்டுதான் என்று அவருக்குக் காட்ட, கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் குறித்துக்கொண்டேன். டயரின் பக்கவாட்டில் 2309. கூட்டினால் பதினாலு, அதையும் கூட்டினால் ஐந்து. என் ராசி எண்! வேறென்ன வேண்டும்? திங்கட்கிழமை கையெழுத்து.

இவள் ஒவ்வோர் அலமாரியையும் திறந்து மோந்து பார்த்தாள். ஈர வாடையாம். வண்டி வாங்க மூக்கு எதற்கு?

7 மார்ச்
முழங்கால் வலி. ராசி எண்ணை நினைத்தேன், பறந்துவிட்டது.

8 மார்ச்
அக்கா மகள் பஸ் பணிமனையில் மெக்கானிக். வீட்டில் அவள் பெயர் ஸ்பேனர். போனில் 2309-இன் பெருமையை அளந்தேன். எண்ணை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு, "மாமா, அது டயர் செஞ்ச தேதி. ரெண்டாயிரத்து ஒம்பது, இருபத்திமூணாவது வாரம்."

வண்டியோடு பிறந்த டயர். அப்படியென்றால் வண்டிக்கு — எட்டா? ஐயையோ, பதினாறு! என் கையாலேயே எழுதி வச்சிருக்கேனே, படிக்கத் தெரியலையே.

பிரேக் மிதியின் ரப்பர் எப்படி என்று கேட்டாள். என் மண்டை மாதிரி, வழவழ. முப்பத்தெட்டாயிரத்தில் அப்படித் தேயாதாம்; மீட்டரை யாரோ பின்னோக்கிச் சுற்றியிருக்கிறார்களாம்.

கொஞ்சம் ஓடின வண்டி என்றுதானே மயங்கினேன் என்று இவளிடம் புலம்பினேன். "உங்களுக்கும் அறுபது வயசாச்சு. ஓடினது வீட்டுக்கும் ஆபீசுக்கும்தான். அதுக்காகப் புது மாப்பிள்ளைன்னு வித்துட முடியுமா?"

முழங்கால் வலி திரும்பிவிட்டது.

15 மார்ச்
ஸ்பேனர் கண்டுபிடித்த வண்டி. நிறம், கோபித்துக்கொண்ட கத்தரிக்காய். வயது பதினொன்று. ஓட்டம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்! நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். சொந்தக்காரம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். ஒரு நோட்டை நீட்டினார். பதினொரு வருட வைத்தியம், நாள் தவறாமல்: 'எண்ணெய் மாற்றப்பட்டது. இருமல் இல்லை. ஏற்றத்தில் லேசான மூச்சிரைப்பு, கவனிக்கவும்.'

இந்த முறை நானே முதலில் குனிந்தேன். 1124. போன வருட டயர். சத்தியமாகக் கூட்டவில்லை. (எட்டு. எனக்கு ஆகவே ஆகாத எண்.)

ஸ்பேனர் வண்டிக்கு அடியில் இருந்தபடியே கட்டைவிரலை உயர்த்தினாள். இவள் அலமாரிகளை மோந்துவிட்டு வந்து சாவியைக் கேட்டாள்.

29 மார்ச்
இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்து அறுநூற்று நாற்பது. வண்டி நின்றுவிட்டது. நான்தான் நிறுத்தினேன், மணல் தொடங்கும் இடத்தில். இவள் இறங்கிப் போய் ஒரு மணி நேரம் இருக்கும். செருப்பு இரண்டும் படியிலேயே கிடக்கின்றன.