பூனாகலை இறக்கத்துக்கு பிரேக் பேட்

செவ்வாய். காலையிலிருந்து தூறல்.

பெட்ரோலுக்கு வரிசையில் காரிலேயே படுத்துக் கிடந்தோமே, அதற்கு மூன்றாம் வருடம் இது. எனக்கு எழுத வராது. நான் சொல்ல மருமகள் புஷ்பா எழுதுகிறாள். யாருக்கும் காட்டமாட்டாள்.

மகன் செல்வம் தான் வாடகைக்கு ஓட்டும் காரின் முன் சக்கரங்களைக் கழற்றினான். பிரேக் ஒயில் கசிந்து ஒரு பக்கத்துப் பேட் ஊறிக் கிடக்கிறது. கசிவை அடைத்துவிட்டான். பேட்தான் பிரச்சினை. வெள்ளிக்கிழமை, பக்கத்து லயத்து வீட்டு ராமாயியைப் பதுளை ஆஸ்பத்திரியில் விட வேண்டும். கண் ஆபரேஷன்.

"பெட்ரோல் ஊத்திக் கொளுத்தினா எண்ணெ போயிரும்பா. ஒரு கிழமைக்கு ஓடும்."

வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. இடுப்பு வலி.

புதன். வெயில், பிறகு மழை.

ஐம்பது வருடத்துக்கு முன், தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருடம். மாவுக்கு வரிசை. நான் தோட்டத்து லொறி டிரைவர், ராமாயியின் புருஷன் பெருமாள் கிளீனர். பிரேக் லைனரில் எண்ணெய் இறங்கிவிட்டது. புதுசு கொழும்பிலிருந்து வர வேண்டும். கொளுத்திப் பூட்டினேன். அப்போது எல்லா டிரைவரும் செய்வதுதான். பூனாகலை இறக்கத்தில் மிதித்தேன், பிடிக்கவில்லை. மண்மேட்டில் சாய்த்தேன். பெருமாள் போய்விட்டான். ராமாயியும் லொறியில் இருந்தாள். அதற்குப் பிறகு என் வண்டியில் ஏறியதே இல்லை. எங்கே போனாலும் பஸ். இப்போது பஸ் படி கண்ணுக்குத் தெரியவில்லை.

புஷ்பா பேனாவை வைத்துவிட்டாள். "கொளுத்தினது அவங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாது. எழுது."

வியாழன். மழை இல்லை.

பஸ்ஸில் பதுளை. செல்வமும் நானும். கடை முதலாளி இரண்டு பெட்டி எடுத்து வைத்தார்.

"இது சத்தம் வராது, தூசி இல்ல. எல்லாரும் கேக்குறது இதைத்தான். மத்தது இரும்புத்தூள் கலந்தது. சூடேறினாலும் பிடிக்கும். ஆனா கத்தும் ஐயா."

"கத்தினா ஹயருக்கு ஏறுற ஆளுங்க பயந்துருவாங்கப்பா," என்றான் செல்வம்.

"கத்துறதையே குடுங்க முதலாளி."

"அப்பாவுக்குக் காது மந்தம், அவருக்கென்ன," என்றான் செல்வம்.

முதலாளி சிரித்தார்.

பின்னேரம் பூட்டி, வெறும் காரில் தெமோதரை வரை இறங்கினோம். டிஸ்க்கில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். சீறியது. அந்தச் சூட்டிலும் மிதித்த இடத்தில் நின்றது. களைப்பு.

வெள்ளி. பனிமூட்டம்.

செல்வம் ஓட்டினான். ராமாயி பின் சீட்டில், கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி. வளைவுக்கு வளைவு பிரேக் கத்தல்.

"அன்னைக்கு லொறி கத்தவே இல்லியே, டிரைவரண்ணே."

சொல்லிவிட்டேன். "லைனரக் கொளுத்திப் பூட்டுனேன் ராமாயி."

"தெரியும். அவரு லயத்துக்கு வந்து தீப்பெட்டி கேட்டாரு. அடுப்படியிலேர்ந்து நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

பெருமாள் தீப்பெட்டியோடு வந்தது ஞாபகம் இருக்கிறது. எங்கிருந்து என்று நான் கேட்டதில்லை. செல்வம் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினான். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த லொறியில் ஏழு பேர். பெருமாள் அன்றைக்கே செத்தான். கணக்கப்பிள்ளை காய்ச்சலில். மூக்கனும் அவன் தம்பியும் இந்தியா போய் அங்கேயே. சடையன் குடித்து. என்னை விட்டால், மிச்சம் ராமாயி.