கிடாரின் கழுத்தில் நான் வைத்த சந்தனம்

என் அருமைத் தம்பி குமரனுக்கு,

அன்று பெட்டியைத் திறந்தபோது ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். நீ, நான், உன் மனைவி சுமதி, உன் இசைக்குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிற அந்தோணி. உன் அத்தான் பொன்மலைக்கு வேலைக்குப் போயிருந்தார். பார்சல் கொண்டுவந்தவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வாசலோடு போய்விட்டார். யார் யார் இருந்தோம் என்று முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. நால்வர் பார்த்தோம். செய்தது நான் ஒருத்திதான்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. காலையில் துவாக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவன், இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. அதற்குமேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை. உன் கிடாரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இருபது வருஷமாக நீ ஆசைப்பட்ட கிடார் அது. அட்டைப்பெட்டிக்குள் ஒரு பெட்டி, அதற்குள் வெல்வெட் பதித்த இன்னொரு பெட்டி. நீ அதைத் தூக்கியபோது, பிறந்த குழந்தையைத் தூக்குகிறவர்கள் மாதிரி கழுத்துக்குக் கை கொடுத்துத் தூக்கினாய். நடுவில் தேன் நிறம். ஓரத்துக்குப் போகப் போக, கொஞ்சம் கருகவிட்ட சர்க்கரைப் பாகு நிறம்.

“பாலிஷப் பாருக்கா. வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசா அடிச்சிருக்கான். அப்பதான் மரம் நல்லா அதிரும்” என்றாய்.

விலை என்னடா என்று கேட்டேன். மாதக் கணக்கு எழுதுகிறவள் கேட்காமல் இருப்பேனா? நீ சுமதியைப் பார்த்தாய். சுமதி மின்விசிறியைப் பார்த்தாள். நான் அதோடு விட்டுவிட்டேன்.

புதிதாக எது வந்தாலும் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்ட பிறகுதான் நம் வீட்டில் கை வைப்போம். நான் கிண்ணத்தோடு வருவதைப் பார்த்ததும் அந்தோணி பதறிப்போனார்.

“ஐயோ அக்கா, இது கிடாரு. கிரைண்டர் இல்ல!”

“கிரைண்டருக்கு வச்சதாலதான் தம்பி, பன்னெண்டு வருஷமா ஓடுது” என்றேன்.

நீ சிரித்தாய். “வைக்கா. அவன் வேணும்னா ஒரு மெழுகுவர்த்தி ஏத்தட்டும். ஆனா முகத்துல வேணாம், பின்னாடி வை.”

முகத்தின் அழகு கெடக்கூடாது என்று நினைத்துக் கவிழ்த்துப் போட்டு, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பிறகு கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தில், பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் இட்டு நடுவில் குங்குமம் வைத்தேன். காய்ந்த பிறகுதான் எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன். முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தது. நீ பக்கத்திலேயே உட்கார்ந்து, அது காயக் காத்திருந்தாய்.

அப்புறம் துடைத்துவிட்டு வாசித்தாய். சின்ன ஆம்ப்ளிஃபையர்தான், சத்தமும் குறைவாகத்தான் வைத்தாய். ஆனாலும் அந்த முதல் கம்பியின் ஒலி என் விலா எலும்புக்குள் வந்து நின்றது. “எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “வெண்ணெய்க்கா” என்றாய். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நீ சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

அதை ஒருநாள்கூட நீ மேடைக்குக் கொண்டுபோகவில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். கோயில் திருவிழாக் கச்சேரிக்கும் கல்யாண ரிசப்ஷனுக்கும் பழைய கிடாரைத்தான் எடுத்துப்போனாயாம். கேட்டதற்கு, “மேடைல தூசிடா” என்றாயாம். அந்தோணிதான் சொன்னார்.

போன மாதம் சுமதியும் அந்தோணியும் கிடாரோடு என் வீட்டுக்கு வந்தார்கள். உங்கள் கே.கே. நகர் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டே சுமதியால் இருக்க முடியவில்லையாம். விற்கவும் மனசில்லை. அந்தோணி வாசிக்கட்டும், வாசிக்கிற கையில் இருக்கட்டும் என்றாள். எனக்கும் அது சரியாகப் பட்டது. அந்தோணி மடியில் வைத்து ஸ்ருதி சேர்த்தார். ஒரு பாட்டில் பாதி வாசிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

“அக்கா, இதுல என்னமோ கோளாறு இருக்கு.”

அன்றைக்கே கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பத்தாவதோடு நின்றவள் நான். அகராதியை வைத்து இங்கிலீஷ் படித்ததுபோல, போனில் வீடியோ பார்த்து உன் கிடாரைப் படித்தேன். கழுத்தில் வரிசையாகப் பதித்திருக்கிற உலோகப் பட்டைக்குப் பெயர் ஃப்ரெட். அதில் ஏழாவது ஒரு நூல் அளவு தூக்கி நிற்கிறது, அங்கே கம்பி இரைகிறது. ஃப்ரெட்களின் ஓரத்தை அரத்தால் சரியாக ராவவில்லை. துடைக்கும்போது என் கட்டைவிரலையே கீறிவிட்டது. மூன்றாவது கம்பியின் முறுக்காணி பிடித்து நிற்பதில்லை, இரண்டு பாட்டுக்கு ஒருமுறை ஸ்ருதி இறங்குகிறது. அவ்வளவு விலை கொடுத்த பொருளில் இதையெல்லாம் ஒருத்தர் பார்க்காமலா அனுப்புவார்கள்? நான் முறுக்கு சுற்றினால்கூட உடைந்ததைத் தனியே எடுத்துவைத்துவிட்டுத்தானே அடுத்த வீட்டுக்குக் கொடுப்பேன்?

இவ்வளவும் சரிசெய்யக்கூடியதுதான் என்றார் அந்தோணி. பிறகு கவிழ்த்துப் போட்டார்.

நான் சந்தனம் வைத்த இடத்தில் பாலிஷ் வெளுத்து, மூன்று விரல் அகலத்துக்குத் தோல் உரிந்ததுபோல இருந்தது. அதன் நடுவில், கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில், ஒரு விரிசல்.

கம்பிகள் எந்நேரமும் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்குமாம். அந்த விரிசல் நாளுக்கு நாள் நீளும், ஒருநாள் கழுத்து கையோடு வந்துவிடும் என்றார் அந்தோணி. பாலக்கரையில் கிடார் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் எடுத்துப்போனோம். அவர், “ஒட்டித் தரலாம், ஆனா ஒட்டினா கம்பெனி அப்புறம் திரும்பியே பாக்காது” என்றார். சந்தனத்தால் விரிசல் வருமா என்று கேட்டேன். “பாலிஷ் போகும். மரம் விரியாது. ஆனா விரிசல் முன்னாடியே இருந்திருந்தா ஈரம் உள்ள இறங்கியிருக்கலாம்மா” என்றார். அந்த ‘இறங்கியிருக்கலாம்’ அன்றிலிருந்து என் கூடவே வருகிறது.

கம்பெனிக்கு நீ எழுதியிருப்பாயோ என்று தோன்றியது. ஐந்து மாதமாகத் திறக்காமல் வைத்திருந்த உன் போனைச் சுமதி என்னிடம் கொடுத்தாள். இருந்தது. பெட்டி திறந்து பத்து நாளுக்குள் விரிசலைப் பற்றிப் புகார் எழுதியிருக்கிறாய். இந்தக் கறை என்ன, எதைத் தடவினீர்கள் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதற்கு நீ எழுதிய பதிலை அகராதி வேண்டாமலே படித்தேன். ‘எங்கள் வீட்டில் எந்தப் பொருளையும் சந்தனம் வைத்து வணங்கித்தான் பயன்படுத்துவோம். என் அக்கா வைத்தார். அதை நான் சேதமாக நினைக்கவில்லை. நான் கேட்பது விரிசலைப் பற்றி மட்டும்.’

அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் கைகழுவினார்கள். வெளிப்பொருள் பட்டதால் உத்தரவாதம் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். நீ மறுபடியும் எழுதினாய், திரும்பவும் எழுதினாய். அந்த நாட்களில்தானே நீ சனிக்கிழமைகளில் ஸ்ரீரங்கம் வருவது நின்றது? வேலை அதிகம் என்றாய். நானும் நம்பி, சுமதியிடம் கத்திரிக்காய்க் கொத்சு கொடுத்தனுப்பினேன்.

நீ கடைசியாக எழுதியதற்குப் பதில், நான் போனைத் திறப்பதற்குச் சில நாள் முன்புதான் வந்திருக்கிறது. பூசுவதற்கு முன் எடுத்த படம் இருந்தால் மறுபடி பரிசீலிக்கிறோம், ஆனால் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், வாங்கியவர் நீங்கள்தான் என்றும் கிடார் உங்களிடமே இருக்கிறது என்றும் உறுதி செய்து இந்த மாதக் கடைசிக்குள் எழுதுங்கள் என்று.

படம் என்னிடம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்தின் அடியில் ஒரு கோடு. தலைமுடி ஒட்டியிருக்கிறதோ என்று போன் கண்ணாடியை ஊதிப் பார்த்தேன். போகவில்லை. நான் சந்தனம் வைப்பதற்கு முன்பே விரிசல் இருந்திருக்கிறது, குமரா. நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே அந்தப் படத்தை அனுப்பியிருப்பாயே?

“அக்கா, அவன் மெயில்லேருந்தே ஒரு வரி போட்டு விடுங்க” என்றார் அந்தோணி. “நான்தான் வாங்கினேன், என்கிட்டதான் இருக்குன்னு. அவ்வளவுதான். கழுத்தையே மாத்திக் குடுத்துருவாங்க. யாருக்குத் தெரியப் போகுது?”

சுமதி போனை என் பக்கம் நகர்த்தினாள். “அவர் பேர்ல எழுதுங்க அண்ணி. ஒரே ஒரு தடவை. அவரே அனுப்பின மாதிரி இருக்கும்” என்றாள்.

நானும் எழுதினேன். மறைக்கவில்லை. ‘நான் குமரன்’ என்று தொடங்கி இரண்டு வரி தட்டினேன். அனுப்புகிற இடத்தில் விரல் நின்றுவிட்டது. காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

காலையில் தாயார் சன்னிதி வரிசையில் நிற்கும்போது, எழுதியதை அவளிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நான் குமரன், கிடார் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. முதல் இரண்டு சொல்லே வரவில்லை. அம்மா மண்டபம் படித்துறையில் உன் சாம்பலைக் கரைத்தபோது நான் மேல்படியில்தான் நின்றேன். அதைப் பார்த்த கண்ணை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு வரியை அழித்தேன். வேறு எழுதினேன். வாங்கியவர் இறந்துவிட்டார். நான் அவர் அக்கா. சந்தனம் வைத்தது நான்தான். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் எடுத்த படம் இது, இதில் விரிசல் இருக்கிறது. உங்கள் விதிப்படி என்ன செய்ய முடியுமோ செய்யுங்கள். கூடவே நோட்டில் எழுதிய எல்லாக் குறைகளையும் சேர்த்து, என் பெயரைப் போட்டு அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.

சுமதியிடம் போனில் சொன்னேன். அவள் சொன்னாள்: “உங்களுக்கு உங்க மனசு சுத்தமா இருக்கணும். அவ்வளவுதானே அண்ணி? கிடார் போனா எனக்குத்தானே போகுது.”

பத்து நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை. அவள் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. சந்தனம் வைக்கும்போதும் யாரையும் கேட்காமல் என் திருப்திக்குத்தான் வைத்தேன். இப்போது உண்மையைச் சொன்னதும் அப்படித்தானோ? பொய் சொல்லியிருந்தால் கிடார் பிழைத்திருக்கும். சொல்லாததால் ஒருவேளை உடையும். இதில் எது உனக்குச் செய்த நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.

கம்பிகளைத் தளர்த்தி, கிடாரைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அவர்கள் மாட்டோம் என்று எழுதினால், பாலக்கரைக்கோ சென்னைக்கோ நானே தூக்கிக்கொண்டு அலைவேன். அந்த அலைச்சலைச் சுமதி தலையில் கட்டமாட்டேன். சரியாகி அந்தோணி கைக்குப் போகிறவரை அது என் பொறுப்பு. அவள் பேசாவிட்டாலும் சனிக்கிழமை சனிக்கிழமை நான் கே.கே. நகர் போவேன். இது என் வாக்கு.

ஆனால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். ‘சேதமாக நினைக்கவில்லை’ என்று நீ எழுதியது முகம் தெரியாதவர்களுக்கு. வெளியாளிடம் வீட்டு மனுஷியை நீ விட்டுக்கொடுக்கமாட்டாய், அது எனக்குத் தெரியும். அதனால் அந்த வரியைப் படித்து என்னால் ஆறுதல் அடைய முடியவில்லை. அந்தச் சனிக்கிழமைகளில் நீ வராமல் இருந்தது வேலையாலா, என்மேல் இருந்த கோபத்தாலா? கோபம் என்றால் கோபம் என்றே சொல், தாங்கிக்கொள்வேன். கனவில் வந்து சொல்வாயோ, வேறெப்படிச் சொல்வாயோ, சீக்கிரம் ஒரு பதில் சொல்லு.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த
ரங்கநாயகி அக்கா,
ஸ்ரீரங்கம்.