மொறிஸ் மைனரைக் குளிருக்கு மூடி வைத்தது

1991 நவம்பர் 2, சனி
மழை. மத்தியானம் கொஞ்சம் வெயில் மாதிரி. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில இவருக்குப் பத்தொன்பதாம் நாள். வலக்கை இன்னும் மரக்கட்டைதான். பேச்சு பரவாயில்லை, கொஞ்சம் வழுக்குது. சாப்பிட்டது: உருளைக்கிழங்கு பாதி, கஸ்ரட் முழுக்க.

முதல் கேள்வி: "கார் இன்னும் றோட்டிலயே நிக்குது?"
"ஓம், வாசல்ல."
"பனிக்கு றோட்டில உப்புப் போட்டால் துருப்பிடிக்கும், அதுக்கு முன்னம் உள்ள விடோணும். எழுதும்."

கடித உறையின்ர பின்பக்கத்தில எழுதினன்:
அடிப்பக்கம் கழுவி, காய விட
எண்ணெய் மாத்த
பெற்றோல் முழுக்க நிரப்ப
பற்றரி கழட்ட
நாலு சில்லும் கட்டையில (ரயர் நெளியாமல்)
புகைக்குழாய் வாய்க்குத் துணி, எலி பூராமல்
மூட பழைய பருத்திப் பெட்சீற். பிளாஸ்ரிக் வேண்டாம், உள்ளுக்கு வேர்க்கும்

"யோகன் வந்து ஓடட்டும்" எண்டார். இவற்ற கூட்டாளி யோகண்ணைக்கு எட்மண்டனில வீட்டுக்குப் பின்னால கராஜ். ஒவ்வொரு குளிருக்கும் கார் அங்கதான்.

நவ. 4, திங்கள்
டொக்டர் வாசலுக்கு வெளியில கூப்பிட்டா. என்ர மகளின்ர வயசு. வலப்பக்கப் பார்வையும் பாதி போயிட்டுதாம். இனிக் கார் ஓட ஏலாதாம். நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ எண்டு கேட்டா. நான் சொல்லுறன் எண்டன்.

சொல்லேல்லை. உள்ள போக, எந்த எண்ணெய் வாங்கோணும் எண்டு தொடங்கியிட்டார்.

பஸ் நாப்பது நிமிசம். பால், வெங்காயம், செருப்புத் தைக்கக் குடுத்தது எடுக்கோணும்.

நவ. 5, செவ்வாய்
யோகண்ணை போன். முதுகு பிடிச்சுப்போச்சாம், வர ஏலாதாம்.
"தங்கச்சி, பேசாமல் வித்துவிடும். எடுக்க ஆள் இருக்கு. அவர் இனி எங்க ஓடப்போறார்?"
கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை, அதாலதான்.
"சனிக்கிழமை கார் வரும்" எண்டன்.
"ஆர் ஓடுறது?"
"நான்."
போனை வைச்சிட்டன்.

பள்ளிக்கூடச் சாப்பாட்டு வான் ஏழு வருசமா ஓடுறன். மொறிஸ் காரை மட்டும் தொட்டதில்லை. "அது உமக்குச் சரிவராது, கிளச் வேற மாதிரி." இவர் எத்தினை தரம் சொல்லியிருப்பார். பிறகு நானும் கேக்கிறதை விட்டிட்டன்.

நவ. 9, சனி
நல்ல குளிர், காற்றில்லை. வியாழன் பக்கத்துத் தெருக் கராஜ்காரன் வந்து கொண்டுபோய் எண்ணெய் மாத்தினவன். கழுவினது நேற்று, ஆறு வாளி. முதுகு எனக்கும் இருக்கு.

பதினொரு மணிக்கு வெளிக்கிட்டன். குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் பிடியை இழுத்து, மூண்டாந் தரம் ஸ்ராட். நோர்த் சேர்க்குலர் பெருந்தெருவுக்கு ஏறுற ரவுண்டபோட்டுச் சந்தியில எஞ்சின் நிண்டுபோச்சு. பின்னால லொறி ஹோர்ன் அடிக்குது. சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பினன். பக்கத்துக் காரில ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கண்ணாடியை இறக்கி, "சோக்கை உள்ள தள்ளு, பிள்ளை!" தள்ளினன். ஓடினது.

அதுக்குப் பிறகு நாப்பதுக்கு மேல போகேல்லை. எங்கயோ ஒரு இடத்தில பாட்டும் பாடியிருக்கிறன். சிவப்பு லைற்றில நிக்கேக்கதான் கவனிச்சன்.

கிளச் வேற மாதிரி இல்லை.

எட்மண்டன் கராஜில யோகண்ணை ஸ்ரூலில இருந்து கட்டளை. ஜக் அடிச்சுக் காரைத் தூக்கினது நான். கட்டை வைச்சது அவற்ற மனிசியும் நானும்.

நவ. 10, ஞாயிறு
பூசை முடிய ஆஸ்பத்திரி.
"ஆர் கொண்டுபோனது?"
"நான்."
கூரையைப் பார்த்தார். "எங்கயும் நிண்டதோ?"
"ஒருக்கா. பிறகு ஓடினது."
"ரெண்டாம் கியர் கத்தினதோ?"
"இல்லை."

அப்பதான் சொன்னன். கண், டொக்டர், இனி ஏலாது, எல்லாம் ஒரே மூச்சில. சுவர்ப்பக்கம் திரும்ப எத்தனிச்சார், அந்தப் பக்கம் அவரால திரும்ப ஏலாது. நான்தான் பிடிச்சுத் திருப்பி விட்டன்.

நவ. 13, புதன்
மூண்டு நாளா இவர் என்னோட கதைக்கிறதில்லை. நர்சோட சிரிக்கிறார். கொண்டுபோன சோறும் புளிக்குழம்பும் திரும்பி வந்தது. நானே சாப்பிட்டன், பஸ் நிலையத்தில.
யோகண்ணை திரும்பவும் போன். வாங்கிற ஆள் அவசரப்படுறானாம். யோசிக்கிறன் எண்டன்.

நவ. 16, சனி
தூறல். உள்ள போகேக்க அவரே வாய் திறந்தார்.
"யோகன் வந்தவன். காரை விக்கட்டோ எண்டு கேட்டவன்."
"என்ன சொன்னனீங்கள்?"
"ஓடுறது அவதான், அவவைக் கேள் எண்டன்."
தோடம்பழம் உரிச்சுக் குடுத்தன். முழுக்கச் சாப்பிட்டார்.

டிச. 14, சனி
வீட்டுக்கு வந்து நாலாம் நாள். காரைப் பார்க்கோணும் எண்டு ஒரே பிடி. மினிகாப் ரக்சி பிடிச்சு எட்மண்டன் போனம். பெட்சீற்றை இழுத்தன். யோகண்ணை கட்டைகளை ஒருதரம் உதைச்சுப் பார்த்தார், பயமில்லை எண்டார்.

இவர் பொல்லோட நேர ஸ்ரியரிங் பக்கம் போனார். கதவில கை வைச்சு நிண்டார். பிறகு மெல்ல மெல்லக் காரைச் சுத்தி மற்றப் பக்கம் போய் ஏறி இருந்தார். நான் ஸ்ரியரிங்கில ஏறினன். பத்து நிமிசம் அப்பிடியே இருந்தம், எங்கயும் போகாமல். "மார்ச்சில இறக்கலாம்" எண்டார். "நல்ல மழை ரெண்டு பெய்யட்டும், உப்புப் போகும்."

இறங்கேக்க அந்தக் கதவை உள்ளுக்கால எப்பிடித் திறக்கிறதெண்டு அவருக்குத் தெரியேல்லை. பிடியைக் கீழ அமத்திக்கொண்டு தோளால ஒரு தள்ளுத் தள்ளோணும். பத்து வருசமா அந்தச் சீற்றில இருந்தது நான். எட்டித் திறந்து விட்டன்.