மாப்பிள்ளை பெயரில் ஒரு கோடு

ஜியாயி,
3 மார்ச் 1996

மகள் யாவெனுக்கு,

அப்பாதான். இதைக் கிழிக்கப் போகிறாய் என்றால் இரண்டாம் பக்கத்தையும் படித்துவிட்டுக் கிழி. போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம்.

வான்கோழிச் சோற்றுக் கடை ஓடுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு அம்மாவால் காதுவலி.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம், கோயில் சந்தில் பெயர்க் கணக்குப் பார்க்கும் லாய் அம்மாள் கடைக்குச் சாப்பிட வந்தாள். கடைப் பெயரை மாற்றலாமென்று (நான்காவது முறை, சிரிக்காதே) எழுத்துகளின் கோடுகளை ஒரு தாளில் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தவள் வாயிலிருந்த சோறு சிதறச் சிரித்தாள்.

“அண்ணே, இந்த எழுத்துக்குப் பக்கத்துல மூணு நீர்த்துளி இருக்குல்ல, அத எத்தனைன்னு எண்ணுனீங்க?”

“மூணு துளிய மூணுன்னுதானே எண்ணுவாங்க!”

“எழுதுறப்ப மூணு. பேர்க் கணக்குல அது முழு ‘நீர்’ எழுத்து. நாலு கோடு. எத்தனை வருஷமா இப்படி எண்ணிக்கிட்டிருக்கீங்க?”

“பதினெட்டு வருஷமா.”

“நல்லவேளை, ஊருக்குப் பாக்கல நீங்க!”

என்ன செய்ய, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துவிட்டது. இந்தக் கணக்கைப் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களைப் பார்த்து நானே கற்றேன். துளி விஷயம் அதில் இருந்திருக்கும். அதன் மேல் நான் குழம்பைச் சிந்தியிருப்பேன்.

அன்றே உன் வீட்டுக்காரர் பெயரை எடுத்தேன். பான் திங்ஜியே. பான் என்ற எழுத்தில் அந்தத் துளிகள் இருக்கின்றன! நான்கு வருஷத்துக்கு முன் நான் எண்ணியது மொத்தம் முப்பத்து நான்கு கோடு. பஞ்சாங்கத்தில் அதன் பலன்: குடும்பம் உடையும், அற்பாயுசு. சரியான கணக்கு முப்பத்தைந்து. அமைதி, நிறைவு. உன் கல்யாணத்துக்கு வராமல் நான் கடையில் உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு கோட்டால்.

உன் சித்தப்பா ஜியாசிங்கின் பெயரும் முப்பத்து நான்கு என்பது உனக்குத் தெரியும். இருபத்தாறு வயதில் சாரத்திலிருந்து விழுந்தான். அவன் போன பிறகுதான் நான் கணக்கே கற்றேன். அந்த எண்ணைப் பார்த்ததும் ‘ஓ, இதனால்தானா’ என்று நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அதே எண் மாப்பிள்ளையாக வாசலில் வந்து நின்றால் நான் எப்படிச் சிரித்துக்கொண்டு பெண் கொடுப்பேன்?

இனித் தடை ஒன்றுமில்லை. மாப்பிள்ளையையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வா.

கணக்கில் தோற்ற
அப்பா


ஹுவாலியன்,
12 மார்ச் 1996

அப்பாவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு இடத்தில் சிரித்தேன், அதற்காக என் மேலேயே கோபம் வந்தது.

எண் மாறியதும் அவர் நல்லவராகிவிட்டார். மாறாமல் இருந்திருந்தால்? நான்கு வருஷமாக அதே மனிதர்தான் பளிங்குப் பட்டறையிலிருந்து தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வருகிறார். கை கழுவியதும் பிள்ளையைத் தூக்குகிறார். நீங்கள் கல்யாணத்துக்கு வராததைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “அப்பாடா, நான் பாஸாயிட்டேன்” என்றார். எனக்குத்தான் அழுகை வந்தது.

இன்னொன்று. நம் குடும்பப் பெயர் ஹுங். அந்த எழுத்திலும் அதே மூன்று துளி இருக்கிறது அப்பா. சித்தப்பாவையும் திரும்ப எண்ணிப் பாருங்கள்.

எண் அனுமதி கொடுத்தால் வருகிற அப்பா எனக்கு வேண்டாம். பிள்ளைக்கு இரண்டு வயது. அவன் பெயரை உங்களிடம் சொல்லக் கூடாதென்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். தெரிந்தால் பேனாவை எடுத்துவிடுவீர்கள்.

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும்.

யாவென்


ஜியாயி,
2 ஏப்ரல் 1996

யாவென்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகப் போகிறது.

சித்தப்பாவை எண்ணினேன். பேனாவால் எண்ணினேன், விரலால் எண்ணினேன், சாப்பிடும் குச்சியால் மேசையில் எழுதி எண்ணினேன். முப்பத்தைந்து. அமைதி, நிறைவு.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கட்டட வேலையில் அவனைச் சேர்த்துவிட்டது நான். அவன் விழுந்த அன்று காலை மழை. “இன்னிக்கு வேணாம் அண்ணே, மூங்கில் வழுக்கும்” என்றான். “ஒரு நாள் கூலி போயிடும், போடா சோம்பேறி” என்று அனுப்பினேன். முப்பத்து நான்கு என்ற எண் கிடைத்ததால்தான் இத்தனை வருஷம் தூங்க முடிந்தது. அந்தப் பழியை உன் வீட்டுக்காரர் தலையிலும் இறக்கி வைத்திருக்கிறேன்.

இதை அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரிப்பதை அவள் நிறுத்தவேயில்லை. “எனக்கு அப்பவே தெரியும். எண்ணினது போதும், எந்திரிங்க” என்றாள்.

“பேரன் பேரையாவது சொல்லேன்.”

“அவ வாயால கேளுங்க. போற வழிக்கு நான் சோறு கட்டித் தரேன்.”

ஐந்தாம் தேதி சிங்மிங், செத்தவர்களைப் போய்ப் பார்க்கும் நாள். ஜியாசிங்கின் கல்லறையில் புல்லைச் செதுக்கி, அவனிடம் பேச வேண்டியதைப் பேசிவிட்டு, எட்டாம் தேதி ரயிலேறுகிறேன். தேதி நல்லதா என்று பார்க்கவில்லை. பஞ்சாங்கம் லாய் அம்மாள் வீட்டுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையிடம் சொல், அவர் முப்பத்து நான்காகவே இருந்தாலும் இந்த ரயில்தான். நீ கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நிற்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன் சம்மதம் கேட்டு நீ என் வாசலில் நிற்கவில்லையா?

பேரன் பெயரை எழுதிக் காட்ட வேண்டாம். சொன்னால் போதும். கூப்பிடுவதற்குத்தான் கேட்கிறேன்.

அப்பா