நாலுக்கு நாலு, நடுவில் நான்

10 ஜனவரி 1956

பஞ்சாயத்தில் காலியாக இருந்த மூன்று இடங்களுக்கும் தேர்தல் முடிந்தது. சித்தூர் ஜில்லாவில் எல்லையோரம் இருக்கும் எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருப்பதா, மெட்ராஸோடு சேருவதா என்று இன்னும் முடிவாகவில்லை. போன ஆடியில் மூன்று உறுப்பினர்கள், நாங்கள் மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர வேண்டியவர்கள், ஆந்திராவின் பஞ்சாயத்தில் உட்கார மாட்டோம் என்று எழுந்து போனார்கள். பதவிக் காலம் பாதி மிச்சமிருந்ததால் இடைத்தேர்தல். அதே பஞ்சாயத்தில் உட்கார அதே மூன்று பேரும் நின்றார்கள். இரண்டு பேர் ஜெயித்தார்கள். ஒருவர் தோற்றார்.

மாலையில் மெட்ராஸ் கட்சியின் செங்கல்வராயன் வந்தார். ஜவுளிக்கடைக்காரர். "மூணுல ரெண்டு நம்மளுது வாத்தியாரே. ஜனம் தீர்ப்பு சொல்லிட்சி. ஊரு மெட்ராஸோட சேரணும்."

அவர் தலை மறைந்ததும் ஆந்திரக் கட்சியின் ஆதிநாராயணன் வந்தார். ரைஸ் மில்காரர். "மூணும் அவுங்க கையில இருந்துச்சி. இப்ப ரெண்டு. ஒண்ணு போச்சா இல்லியா? ஜனம் தீர்ப்பு சொல்லிட்சி. ஊரு இங்கியே இருக்கணும்."

இருவருக்கும் மோர் கொடுத்தேன். இருவர் கணக்கும் சரி. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

இருவரும் சம்பந்திகள். செங்கல்வராயன் மகள் ஆதிநாராயணன் வீட்டு மருமகள். அதனால் சண்டையில் மரியாதை குறையாது. மரியாதை குறையாத சண்டை முடிவதும் கிடையாது.

13 ஜனவரி

போகி. ஊரில் வேண்டாத பழசையெல்லாம் கொளுத்தினார்கள். பஞ்சாயத்து அப்படியே இருக்கிறது.

29 ஜனவரி

புது உறுப்பினர்களோடு முதல் கூட்டம். மெட்ராஸ் நாலு, ஆந்திரா நாலு, தலைவன் நான்.

விஷயம் ஒன்றே ஒன்று: எங்கள் நெசவுத் தெருவுக்கு ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. தெருவில் இருக்கும் கிணறு உப்பு. அதில் பருப்பு வேகாது. பெண்கள் மேடேறி இறங்கி மாந்தோப்புக் கிணற்றுக்குப் போகிறார்கள், என் மனைவி கிருஷ்ணம்மா உட்பட. சித்தூரில் பணம் ஒதுக்கிவிட்டார்கள். மார்ச் முடிவதற்குள் தீர்மானம் போகாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும்.

செங்கல்வராயன் எழுந்தார். ஜனத் தீர்ப்பின் அர்த்தம், எல்லை முடிவாகும்வரை இந்தப் பஞ்சாயத்து புதிதாக எதையும் தொடக்கூடாது என்பதுதானாம். "இன்னிக்கி ஆந்திரா தண்ணியக் குடிச்சா, நாளைக்கி எல்லைய அளக்க வர்றவன் இன்னா கேப்பான்? யார் ஊட்டுத் தண்ணி துன்னு வளந்தேன்னு கேப்பான்."

"தண்ணிய யாரும் துன்ன மாட்டாங்க சம்பந்தி," என்றார் ஆதிநாராயணன். அவர் கண்ட அர்த்தம்: நடப்பது நடக்கட்டும். ஆகவே கிணறும் வேண்டும், கிணற்றுமேல் ஒரு கல்லும் வேண்டும், ஆந்திர சர்க்கார் கொடுத்தது என்று தெலுங்கில்.

வோட்டு நாலுக்கு நாலு. எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒத்திவைத்தேன்.

30 ஜனவரி

"கையத் தூக்கறதுக்கு இன்னா கேடு?" என்றாள் கிருஷ்ணம்மா. என்ன கேடு என்று அவளுக்குத் தெரியும்.

என்னைத் தலைவனாக்க இரு கட்சியும் ஒத்துக்கொண்டது ஒரு நிபந்தனையின் பேரில். திருப்பதி மலையடிவாரத்தில் அலிபிரிக்கு அழைத்துப் போனார்கள். மலையைப் பார்த்து நிறுத்தினார்கள். ஒரு பக்கம் செங்கல்வராயன், ஒரு பக்கம் ஆதிநாராயணன். எந்தக் கட்சிக்கும் சாய மாட்டேன் என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்தேன். எதிரியே இல்லாத மனுஷன் என்றார்கள். உபயோகமில்லாதவனுக்கு எதிரி எங்கிருந்து வருவான்?

இப்போது கை தூக்கினால் ஆந்திரா. தூக்காவிட்டால் தீர்மானம் தோற்கும், அது மெட்ராஸ். ஒத்திவைக்கும்வரை நான் யோக்கியன். பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் கோர்ட்டுக்குப் போய் உடைத்துவிடலாம். மலையான் பேரில் அணைத்த கற்பூரத்துக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

"அப்ப உங்க சத்தியத்தையே ரெண்டு கொடம் மொண்டுக்கினு வரேன், ஒலை வைக்க," என்றாள்.

12 பிப்ரவரி

ராஜினாமா கொடுத்தேன். அதனால் யாருக்கு லாபம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் ஏற்கலாம் என்று செங்கல்வராயன் கை தூக்கியதால் ஆதிநாராயணன் தூக்கவில்லை. நாலுக்கு நாலு. முடிவு சொல்ல வேண்டியவர் தலைவர்.

ஒத்திவைத்தேன்.

19 பிப்ரவரி

ஒத்திவைத்தேன்.

4 மார்ச்

திருப்பதி போயிருந்தேன். மலை ஏறவில்லை. ஏறும் முகம் இல்லை. அலிபிரியில் கற்பூரம் விற்கும் சுந்தரம்மாவிடம், அணைத்த சத்தியத்தை அவிழ்க்க வழி இருக்கிறதா என்று கேட்டேன். இந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள் நானில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"கீது சாமி. யாரு எதிர்ல நின்னு வாங்கினாங்களோ அவுங்களே இங்க வந்து, வெத்தல பாக்கு குடுத்து, உட்டுட்டோம்னு சொல்லணும். எத்தினி பேரு?"

"ரெண்டு பேர்."

"சொந்தக்காரங்களா?"

"சம்பந்திங்க."

"அப்ப நடக்காது," என்றாள். கற்பூரம் மட்டும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

7 மார்ச்

இருவரையும் தனித்தனியே பார்த்தேன்.

செங்கல்வராயன்: "அலிபிரிக்கு இப்பவே கெளம்பறேன். அவுத்து உட்டா எங்க பக்கம் நிப்பேன்னு மொதல்ல ஒரு சத்தியம் பண்ணு."

ஆதிநாராயணன்: "தப்பகுண்டா, தவறாம வரேன் வாத்தியாரே. ஆனா அவுத்து உட்டா நீ ஆந்திரா பக்கத்த உட்டு எங்கியும் ஓடிடக் கூடாது. அதுக்கு ஒரு சத்தியம் பண்ணு."

ஒரு சத்தியத்திலிருந்து விடுபட இரண்டு சத்தியம். அதுவும் எதிரெதிராக. ஜனம் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்கிறது என்றால், அது இந்த இருவரிடமிருந்து கற்றுக்கொண்டதாகத்தான் இருக்கும்.

18 மார்ச்

கிருஷ்ணம்மா மேட்டில் விழுந்துவிட்டாள். பச்சையம்மாள்தான் தாங்கிக் கூட்டி வந்தாள். எதிர் வீட்டுக்காரி. முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. விழுந்த குடத்தைப் பச்சையம்மாள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். ஒரு பக்கம் அமுங்கிப் போயிருந்தது.

நான் இன்னா பண்ணிக்கினு கீறேன்? ஒத்திவச்சிக்கினு கீறேன். யோக்கியனா இருக்கறதுக்கு ஒரு பொம்பள கால ஒடிச்சிக்கணுமா? யார் யோக்கியன், யாருக்காக? —

பத்து போட்டிருக்கிறேன். தூங்குகிறாள்.

25 மார்ச்

கை தூக்கினேன். ஐந்துக்கு நாலு. கிணறு உண்டு. கல் கிடையாது என்று நானே சேர்த்து எழுதினேன். ஆதிநாராயணனுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

26 மார்ச்

என் கைக்கும் அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆதிநாராயணன்: "தலைவரே நம்ம பக்கம் வந்துட்டார். தேர்தலோட அர்த்தம் இப்பத்தான் முழுசா வெளங்குது." செங்கல்வராயன்: "கல்லு வேணாம்னு சொன்னாரே, அதுலதான் அர்த்தம் கீது. மனசு மெட்ராஸ்லதான்."

அவளுக்கு முழங்கால் வலி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

22 ஏப்ரல்

தோண்டுகிறார்கள். பாறை. இரண்டு கட்சியும் தினமும் வந்து குழியை எட்டிப் பார்க்கிறது.

17 ஜூன்

தண்ணீர் வந்துவிட்டது. பாகு மாதிரி இனிப்பு. தெருவே கூடிவிட்டது. மஞ்சள் குங்குமம் இட்டுப் பொங்கல் வைத்தார்கள். கால் நொண்டினாலும் கிருஷ்ணம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, அமுங்கின குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

போன வேகத்தில் திரும்பி வந்தாள். குடம் காலி.

பச்சையம்மாள்தான் தடுத்தாளாம். கோபமாக இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு. "யக்கா, தப்பா நெனைக்காத. மலையான் பேர்ல சத்தியம் தப்பின ஊட்டுக் கொடம் புதுத் தண்ணில படக் கூடாது. ஊத்து வத்திப் போவும். ஒரு வருசம் போவட்டும்." மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்களாம்.

கிருஷ்ணம்மா சேலையை மாற்றினாள். அடுப்பைப் பற்றவைத்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

24 ஜூன்

கூட்டத்தில் இதை எடுத்தேன். கிணறு பஞ்சாயத்துச் சொத்து, எந்த வீட்டையும் தடுக்கச் சட்டம் இல்லை என்றேன். செங்கல்வராயன், "சட்டம் வேற, சாமி வேற," என்றார். ஆதிநாராயணன், "நிஜமே சம்பந்தி," என்றார். இந்தப் பஞ்சாயத்து பிறந்தபின் எட்டுப் பேரும் சேர்ந்து ஒரே பக்கம், எனக்கு எதிராக, கை தூக்கியது இன்றுதான். தேர்தலின் அர்த்தம் என்ன என்பதில் இன்னும் ஒற்றுமை வரவில்லை.

அந்தப் பெண்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து வந்த தண்ணீர். என் பொருட்டு அதைப் பந்தயம் வைக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

9 ஜூலை

ஒரே வாரத்தில் இரண்டு பேரும் வந்து போனார்கள். அடுத்த தேர்தலில் தங்கள் கட்சியில் நிற்க வேண்டுமாம். செங்கல்வராயன் குரலைத் தாழ்த்தி, "இனிமே உனக்கு இன்னா தடை? அந்தச் சத்தியந்தான் போச்சே," என்றார். ஆதிநாராயணன் அதையே குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்.

மோர் இல்லை என்றேன். உண்மையும் அதுதான். தண்ணீர் இருந்தால்தானே மோர்.

5 ஆகஸ்ட்

காலையில் அவள் குடத்தை எடுக்கும்போது நானும் இன்னொன்றை எடுத்துக்கொண்டேன். "அது இன்னாத்துக்கு?" என்றாள். செருப்பைப் போட்டேன்.

தெரு வழியாகத்தான் போக வேண்டும். புதுக் கிணற்றடியில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பச்சையம்மாள் கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். கிருஷ்ணம்மா அவளைப் பார்த்து, "இன்னா, தண்ணி நல்லா ஏறி கீதா?" என்றாள். "ஏறி கீது யக்கா," என்றாள் பச்சையம்மாள். தாண்டிப் போனோம்.

மேட்டில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இறங்கும்போதும் பிடித்துக்கொண்டாள். மாந்தோப்பில் அவள் இறைத்தாள், நான் ஏந்தினேன். குடத்தை இடுப்பில் வைக்க எனக்குத் தெரியவில்லை. தோளில் வைத்தேன். வேட்டி நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. ஜவுளிக்கடை வாசலில் சம்பந்திகள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். ஏனென்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

"நாளைக்கும் வருவீங்களா?" என்றாள்.

"வருவேன்."

"சொன்னா போதும். சத்தியமெல்லாம் வேணாம்."

வீட்டில் தொட்டி பாதிகூட நிறையவில்லை. தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டு உட்காரப் போனேன். அவள் குடத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டு நடந்தேன்.