உன் கதிரையில் ஆள் இருக்கு

எதிரே இருந்துகொண்டு என் பக்கம் விளையாடிய நடேசுவுக்கு,

“மாஸ்டர், நான் ஒருநாள் வராட்டி என்ர இடத்தில ஆரை இருத்துவியள்?” என்று கரம் பலகைக்கு மேலால் நீ ஒருமுறை கேட்டாய். “காயை அடுக்கடா” என்றேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று நான் நினைக்கவேயில்லை.

நீ கண்ணை மூடிய பிறகும் உன் மனைவி கமலா உன் விளையாட்டுப் பொருள் கடையைத் திறந்தார். கடையின் பின்னறையில் கரம் ஆடுகிற நாங்கள்தான் மாறிப்போனோம். சனிக்கிழமை பின்னேரம் ரஹீம் துணிக்கடையைப் பூட்டிவிட்டு வருவான். வேலு தோட்டத்திலிருந்து வருவான். புதிதாக யாரும் உன் கதிரையில் இருக்கப் போனால், “அது அண்ணையின்ர இடம்” என்று எழுப்பிவிடுவோம். மரியாதை என்றே நினைத்தோம். நாலு பேரின் ஆட்டத்தை மூன்று பேர் எப்படி ஆடுவது? பலகையைத் துடைப்போம், பவுடர் போடுவோம், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவோம். எழுப்பப்பட்டவர்கள் பிறகு வரவில்லை.

ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் அதன் வாங்கில் அடுத்த பிள்ளை இருக்கும். வகுப்பு நடக்கும். இவ்வளவு காலம் படிப்பித்த எனக்கு இது ஏன் பிடிபடவில்லை?

போன மாதம் கமலா, பின்னறையைத் தொலைபேசி திருத்துகிற ஒருவருக்கு வாடகைக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அந்த அறையும் போனால் முல்லைத்தீவில் நாங்கள் எங்கே கூடுவது?

“ஏன் தங்கச்சி?” என்றேன்.

“மூண்டு பேர் ஒரு கதிரையைப் பாத்துக்கொண்டிருக்கிறதுக்கு எனக்கொரு அறை வேணுமோ, மாஸ்டர்?”

“அக்கா, அது அண்ணையின்ர இடம்…” என்று இழுத்தான் ரஹீம்.

“அவர் இருந்திருந்தா உங்கள் மூண்டு பேரையும் துரத்தியிருப்பார். தள்ளுங்கோ!”

தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு உன் கதிரையில் இருந்தார். முதல் அடியிலேயே ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போனது.

“மாஸ்டருக்கு நல்ல சோடிதான்!” என்றான் வேலு. நீ போன பிறகு அந்த அறையில் அன்றுதான் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குமுன் தன் முறை திரும்பி வர, சிவப்புக் காயையும் அதன் பின்னால் ஒரு வெள்ளையையும் விழுத்தினார். நாங்கள் வாயைப் பிளந்தோம்.

“குசினிக்குள்ள தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிண்டு இவ்வளவு காலமும் கேட்டனான். காய் விழுற சத்தத்திலயே ஆர் வெல்லுறதெண்டு தெரியும்.”

அடுத்த நாளே அந்த மனிதரிடம் அறை இல்லையென்று சொல்லிவிட்டார். இப்போது உன் கதிரையில் சனிக்குச் சனி வேறு வேறு ஆட்கள். போன கிழமை வங்கியில் வேலை செய்கிற ஒரு பிள்ளை இருந்தாள். நான் பிழையாக அடித்ததற்கு, “என்ன மாஸ்டர், கண் தெரியேல்லையோ?” என்று ஏசினாள், உன்னைப்போலவே. எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

வாக்குத் தருகிறேன் நடேசு: உன் கதிரையை இனி யாரும் காவல் காக்கமாட்டோம். நான் வராத நாளில் என் கதிரையையும் அப்படியே செய்யச் சொல்லிவிட்டேன்.

இதை வாசிக்கிறவர்களே, உங்கள் பலகையருகிலும் ஒரு கதிரை வெறுமையாக இருந்தால், இந்தச் சனிக்கிழமை வாசலில் நிற்பவரை உள்ளே கூப்பிட்டு அதில் இருத்துங்கள்.

உன் சோடியும் கூடப்பிறவாத அண்ணனுமான
மாஸ்டர்